பனையேறிக் கெண்டைக்குப் பொருத்தமான அறிவியல் பெயர் ஏன் செல்லுபடியாகவில்லை?

வணக்கம். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கரையில் நிற்கிறேன். காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாளியைப் பாருங்கள். பனையேறிக் கெண்டை. காலையில் வலையில் விழுந்ததை ஒரு அக்கா கொடுத்தார். "தம்பி, செவுள் பக்கம் கை வைக்காதே, கிழிச்சிடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். கிட்டத்தில் காட்டுகிறேன், செவுள் மூடியின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது, தெரிகிறதா? அதைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி உந்தித்தான் மழை நாளில் வரப்பைத் தாண்டும். காற்றைச் சுவாசிக்கத் தலைக்குள் தனி உறுப்பே உண்டு.

1791 நவம்பர், நல்ல அடைமழைக் காலம். டேனிஷ்காரர்கள் கையில் இருந்த இதே தரங்கம்பாடியில், டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் குளத்தோரப் பனை மரத்தில் இந்த மீனைப் பிடித்தார். தண்ணீருக்கு மேலே 5 அடி ஏறியிருந்தது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது என்று எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் அது அச்சானது. மீனுக்கு அவர் வைத்த பெயர் பெர்கா ஸ்கேண்டன்ஸ். ஸ்கேண்டன்ஸ் என்றால் லத்தீனில் 'ஏறுகிற'. நம் ஆட்கள் வைத்த அதே பெயர்!

ஆனால் இன்று புத்தகத்தில் இருப்பது அனபாஸ் டெஸ்டுடினியஸ். ஆமை போன்றது என்று பொருள். அதை வைத்தவர் பெர்லின் மருத்துவர் புளோக், 1792இல். மீன் ஜப்பானிலிருந்து வந்தது என்று அவர் தவறாகக் குறித்திருக்கிறார், ஜப்பானில் இந்த மீன் இயற்கையாகக் கிடையாது. இருந்தும் அவர் பெயர்தான் செல்லும். 5 வருடம் முந்திவிட்டார், அவ்வளவுதான்.

விலங்கியல் பெயரிடலில் முதல் கேள்வி, முறையாக அச்சானதா என்பது. இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் நூல் வந்த 1758க்குப் பிறகு, லத்தீன் எழுத்தில், பேரினப் பெயரும் சிற்றினப் பெயருமாக, விவரிப்போடு வந்திருக்க வேண்டும். வாய்வழியாக எத்தனை தலைமுறை சொல்லியிருந்தாலும் கணக்கில் வராது. அப்படித் தேறிய பெயர்களுக்குள் பொதுவாக மூத்ததே செல்லும். பொருத்தம், அழகு, சொன்ன ஊர் சரியா தப்பா, எதுவும் இதை மாற்றாது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் பொருத்தத்தைப் பார்க்க ஆரம்பித்தால் ஊருக்கு ஒரு பெயர் ஆகிவிடும், தேதியை யாரும் மறுக்க முடியாது.

அப்புறம், புத்தகங்களில் இந்த மீனின் அறிவியல் பெயருக்குப் பின்னால் புளோக் பெயரும் 1792ம் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் இதை ஆந்தியாஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார். பின்னால் பேரினம் மாறியதற்கான அடையாளம் அது.

சரி, ஸ்கேண்டன்ஸ் செத்துவிட்டதா? இல்லை. முறையாக அச்சான பெயர், அதனால் இணைப்பெயராக, அதாவது அதே இனத்துக்கு வைத்த இன்னொரு பெயராக, பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். இந்த மீன் இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. எல்லாம் ஒரே இனம் என்று எடுத்துக்கொள்ளும் வரை டெஸ்டுடினியஸ்தான். நம் பக்கத்து மீன் வேறு இனம் என்று யாராவது மரபணுவையும் உடலமைப்பையும் வைத்து நிறுவினால், புதுப் பெயர் தேட வேண்டாம். தரங்கம்பாடி மீனுக்கு வைத்த ஸ்கேண்டன்ஸ் தயாராக இருக்கிறது.

இருங்கள், வாளியைச் சாய்க்கிறேன். தண்ணீருக்கு இரண்டடி தள்ளித்தான் விடுகிறேன், பாருங்கள்... செவுளை விரிக்கிறது... போகிறது, போகிறது.