உப்பிட்டவர் யார்?

(வியாசர்பாடி மே தினக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, கிளினிக்கைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, மேடை போட இடம் தந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் தோழர்களே, வணக்கம்.

ஒரே கம்பெனியில் கடைசி வரை இருப்பதா, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாறுவதா? நன்றி, சம்பளம், பி.எஃப். என்று மூன்று விஷயம் சொல்ல வந்தேன். முதலில் நன்றி. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தார். நம் பகுதியே அப்படி வளர்ந்ததுதான். பின்னி மில் சங்குக்கு அப்பனும் மகனும் சேர்ந்து எழுந்த வீடுகள் இங்கே உண்டு. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்த மில் தொழிலாளிகளால்தான். 1996-ல் மில்லை மூடினார்கள். சங்கு நின்றது.

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். எண்ணூர் பக்கம் ஓர் ஆலையில் ஒன்பது வருடம், ஒரே லேத். பையிலிருந்து அடையாள அட்டைகளை எடுத்துத் திண்ணையில் வரிசையாக வைத்தார். நான்கு அட்டை. நான்கிலும் ஒரே போட்டோ, மீசை அரும்பிய வயதில் எடுத்தது. கயிறு மட்டும் நீலம், சிவப்பு, பச்சை, மறுபடி நீலம். ஒவ்வொன்றிலும் வேறு காண்ட்ராக்டர் பெயர்.

“அண்ணா, நான் ஒரு நாளும் வேலை மாறல. அட்டையத்தான் மாத்திக்கினே இருந்தாங்க. பொண்ணு பாக்கப் போன வூட்ல ‘பர்மனென்டா?’ன்னு கேட்டாங்க. இதுல எதைக் காட்றது?” என்றார்.

உப்பிட்டவரை நினைக்கச் சொல்கிறோம், சரி. ஒன்பது வருடம் அந்த லேத் முன்னால் வியர்வை உப்பைக் கொட்டியவரை யார் நினைப்பது? கூடுதல் சம்பளத்துக்கு வேலை மாறும் பிள்ளையை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். விசுவாசத்தை அவனிடம் மட்டும் கேட்பது அநியாயம்.

24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-லேயே தமிழ்நாடு சட்டம் போட்டது. காண்ட்ராக்டர் மாறிவிட்டார், கணக்கு முதலிலிருந்து என்கிறார்கள். லேத் மாறவில்லையே! ஆளும் மாறவில்லையே! நாள் கணக்கை ஆளின் பெயரில் எழுதுங்கள் என்பதுதான் நம் மனு.

பழைய அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். கையெழுத்து நோட்டு மேடைக்கு இடது பக்கம், தண்ணீர்ப் பானைக்கு அருகில் இருக்கிறது. சம்பளமும் பி.எஃப்.பும் அடுத்த கூட்டத்துக்கு; மருத்துவர் ஐயா பேசக் காத்திருக்கிறார்.