நூறு ரூபாய்க்கு எத்தனை கிலோ?

நேயர்களுக்கு வணக்கம்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் கூலியைக் கேட்டால், ஆயிரம் பீடிக்கு இத்தனை ரூபாய் என்பார்கள். அந்த ரூபாயை அரிசியாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வாங்கும் சக்தி என்பது அந்த அரிசிதான்.

கிலோ 50 ரூபாய்க்கு விற்ற அரிசி 60 ஆனால், விலை ஏற்றம் 20 சதவீதம். நூறு ரூபாய்க்கு முன்பு 2 கிலோ வந்தது; இப்போது 1 கிலோ 666 கிராம். அதாவது பணம் இழந்த மதிப்பு ஆறில் ஒரு பங்கு, 20 சதவீதம் அல்ல. பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் கேட்டால் விலை இறங்கியதாக எண்ணிவிடாதீர்கள். ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவே.

இனி பஞ்சப்படி, அதாவது விலை ஏற்றத்தை ஈடுகட்டக் கூலியோடு சேர்த்துத் தரும் தொகை. விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பார்த்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். குடும்பங்கள் வாங்கும் பொருள்களின் விலை, அடிப்படை ஆண்டில் 100 என்று வைத்தால் இப்போது எவ்வளவு என்று காட்டும் எண் அது. 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொழிலாளர் குறியீட்டெண்ணில், அகில இந்திய அளவில், குடும்பச் செலவில் உணவுக்கு 100-க்கு 39 பங்கு. மாதச் செலவு 10,000 ரூபாயில் 7,000 சாப்பாட்டுக்கே போகும் ஏழை வீட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? உணவு 10 சதவீதமும் மற்றவை 4 சதவீதமும் ஏறியதாக வையுங்கள். இந்தப் பங்குப்படி ஏற்றம் 6.3 சதவீதம், அந்த வீட்டிலோ 8.2. வருமானம் முழுவதும் 6.3 சதவீதம் கூடினாலும் கையில் 10,630, தேவை 10,820. மாதாமாதம் 190 ரூபாய் துண்டு விழும். விலை ஏறிய பிறகே பஞ்சப்படி ஏறுவதால், இடைப்பட்ட மாதங்கள் கடனில் ஓடும். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்ட 10,000 ரூபாயும் ஆண்டு முடிவில் 10,700தான். இந்த வீட்டுக்கு அதுவும் நட்டமே.

ஆகவே விலையை எழுதி வைக்க ஒரு நோட்டுப் போடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பால், கத்தரிக்காய், சிலிண்டர், பஸ் கட்டணம், வாடகை என்று பத்துப் பன்னிரண்டு இனம் போதும். மாதம் ஒருமுறை, அதே கடையில், அதே ரகம். ரகத்தை மாற்றினால் கணக்குக் கெட்டுவிடும்: பொன்னியை விட்டு மட்டரக அரிசிக்கு மாறிய வீட்டில் செலவு ஏறாதது போலத் தெரியும். பாக்கெட் என்றால் கிராமையும் எழுதுங்கள். விலை அப்படியே இருக்க, எடை குறைந்திருக்கும். தக்காளியை ஆடிக்கு ஆடி ஒப்பிடுங்கள், தைக்கு அல்ல.

கூலி பேசப் போகும் சங்கத்தாரிடம் அந்த நோட்டைக் கொடுத்தனுப்புங்கள்.


நன்றி, வணக்கம்.