அம்மா வீட்டில் இருந்த கோடை

நேயர்களுக்கு வணக்கம். ஊரடங்குக் காலத்து வீட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் எனக்கு அது அம்மாவிடம்தான் போய் நிற்கிறது. அதனால் அம்மாவைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழியாகவும் தேனி மாவட்டத்து ஆட்கள் ஜீப்பில் ஏறி கேரளாவின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போவது உங்களுக்குத் தெரியும். அதில் பாதிக்கு மேல் பெண்கள். களை எடுப்பு, கவாத்து, காய் எடுப்பு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வேலை இருக்கும். அம்மா இருபது வருஷமாகப் போய்வந்தவர். மூன்றரைக்கு எழுந்து உலை வைத்து, தூக்குவாளியில் சோற்றையும் குழம்பையும் எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி ஜீப்பைப் பிடிப்பார். திரும்பி வரும்போது வீட்டில் விளக்குப் போட்டிருப்போம். "மேலே போயிட்டு வாரேன்" என்பார். எங்கள் பேச்சில் மேலே என்றால் கேரளா.

2020 மார்ச் மூன்றாவது வாரத்தோடு ஜீப்பு நின்றது. 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. முதலில் 21 நாள் என்றார்கள். ஏப்ரல் 14 போய் மே 3 ஆனது, அப்புறம் 17, அப்புறம் 31.

முதல் வாரம் முழுக்க அம்மா அதே மூன்றரைக்கு எழுந்தார். வாசல் தெளித்து, குளித்து, தலை வாரி, ஐந்தரைக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு அடுப்படியில் நின்று, ஓட்டுச் சந்து வழியாகச் சுவரில் விழுந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்நேரத்துக்கு இங்க வெயில் அடிக்குமாடி?" என்று கேட்டார். அந்த வீட்டைக் கட்டும்போது சித்தாளாகக் கல் சுமந்ததும் அவர்தான். எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது.

வீட்டில் இருந்தால் ஓய்வு என்று நாங்கள் நினைத்தோம். அது தப்பு. நாலு பேர் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் மூன்று வேளையும் அடுப்பு, மூன்று வேளையும் பாத்திரம். நடுவில் அப்பாவுக்கு டீ. டீக்கடை இல்லாமல் அப்பா பட்ட பாடு தனி. பத்தாவது நாளோ என்னவோ, அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மேலே போனா சாயங்காலம் கையக் கழுவிட்டு ஜீப்புல ஏறிருவேன். இங்க முடியவே மாட்டேங்குதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தம்பி பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தான். அப்பா தண்ணீர் சுமந்தார். மே மாதத்துக்குள் மொச்சைக் குழம்பு அப்பா கைக்கு வந்துவிட்டது. இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கூலி இல்லாத மாதங்கள். ரேஷனில் கொடுத்த 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெயும் வந்தன. அப்பா வேலை பார்த்த தோட்டத்தில் பன்னீர் திராட்சை வெட்ட ஆள் இல்லை, வாங்க வியாபாரியும் வரவில்லை. பந்தலிலேயே பழம் அழுகியது. "எடுத்துக்கிட்டுப் போங்கப்பா" என்று தோட்டக்காரரே கூடை கூடையாகக் கொடுத்தார். வீட்டில் எப்போதும் திராட்சை இருந்தது. அதைத் தின்னும்போது யாருக்கும் சந்தோஷமாக இல்லை.

ஆனால் அம்மாவின் மனசு எங்களோடு இல்லை. அக்காவை மேலே வண்டன்மேட்டில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்து வந்திருக்க வேண்டும். இருபது வருஷம் தினமும் ஏறி இறங்கிய மலையை, மகளுக்காக ஒரே ஒரு தடவை ஏற முடியவில்லை. சாயங்காலம் வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். மலை அங்கேயேதான் நின்றது. மே 7 சித்ரா பௌர்ணமி. மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறிப்போய்ப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்தார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அங்கே போக முடியும். அந்த வருஷம் திருவிழாவே இல்லை. எங்கள் வாசலிலேயே மலையைப் பார்த்து அடுப்புக் கூட்டினார்.

அடுத்த வாரம் அக்காவுக்குப் பெண் குழந்தை. போனில் முகம் பார்த்தோம். அப்புறம் அம்மாவுக்கு ஒரே கவலை, பேறுகால மருந்து. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நல்லெண்ணெய். தாய்வீட்டில் கிண்டிக் கொடுப்பது. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, "அத்தாச்சி, நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க" என்றார். அந்தப் பக்கம் அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது. "இன்னும் நைசா அரைக்கணுமா அத்தாச்சி?" என்று அவர்கள் கேட்க, இவர் இங்கே சத்தத்தை வைத்தே, "இன்னும் நாலு இழுப்பு" என்கிறார். ஒரு மணி நேரம். நாங்கள் மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கருப்பட்டிப் பாகில் மருந்து சுருண்டு வந்து எண்ணெய் பிரிந்ததும் சம்பந்தியம்மா சொன்னார்கள். அம்மா அப்போதுதான் அழுதார்.

எல்லை தாண்டப் பாஸ் எடுத்து அம்மா மேலே போகும்போது குழந்தை குப்புற விழ ஆரம்பித்திருந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். இலையில் பொதிந்து ஏதோ கொண்டுவந்தார். சம்பந்தியம்மா அவருக்காக மறுபடியும் கிண்டிய மருந்து. ஆளுக்கு ஒரு உருண்டை எங்கள் வாயில் வைத்துவிட்டு, கடைசி உருண்டையைத் தான் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடினார்.

"திப்பிலி சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார்.