டைமிங் கியர் வர மறுத்தால்

நேயர்களுக்கு வணக்கம். சொந்தமாகக் கார் இல்லாதவர்கள்கூட, கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால், அம்பாசிடரில் ஏறாமல் இருந்திருக்க மாட்டீர்கள். மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை தயாரான வண்டி. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் ஷாஃப்ட்டின் மூக்கில் உட்கார்ந்திருக்கிற ஒரு சின்னக் கியரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது முன்பக்கம் கரகரவென்று சத்தம் வந்தால், டைமிங் செயின் தளர்ந்திருக்கும். ரேடியேட்டரை இறக்கி, புல்லியை எடுத்து, டைமிங் கவரைத் திறந்தால் இரண்டு கியர் தெரியும். சின்னது கிராங்குக்கு, பெரியது, வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டுக்கு. சின்னது இரண்டு சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. இரண்டையும் பிணைக்கிற செயினில் கழற்றுகிற கண்ணி கிடையாது. ஆகவே இரண்டு கியரும் செயினோடு சேர்ந்து, நூல் நூலாக, ஒன்றாகத்தான் முன்னால் வர வேண்டும். பெரியது இளகிவிடும். சின்னது அசையாது. உடனே சுத்தியலைத் தேடுவோம்.

தேடாதீர்கள். இழுப்பதற்கு முன்னால், அதை எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். இதை இன்றைக்குப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அதிகம் பேசமாட்டார். ஒருநாள் டாக்ஸி ஒன்று வந்தது. கூட வேலை பார்த்த பையன் இரண்டு பக்கமும் ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்புகிறான், நெம்புகிறான், அசையவில்லை. “அண்ணே, வெல்டிங் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு” என்றான். மேஸ்திரி டார்ச்சை வாங்கிக் கீழே குனிந்து பார்த்தார். கியர் தனியாகச் சுழலாமல் இருக்க, அரைநிலா வடிவத்தில் ஒரு கீ உண்டு. யாரோ முன்பு அதை உளி வைத்து அடித்திருக்கிறார்கள். கீயின் முனை பிதுங்கி, கியரின் பள்ளத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. “எங்கேடா வரும், தம்பி?” என்று மட்டும் கேட்டார். பிறகு சின்ன அரத்தை எடுத்து, பிதுங்கலை ராவ ஆரம்பித்தார். நாலு இழுப்பு, துணியால் ஒரு துடைப்பு, டார்ச்சடித்து ஒரு பார்வை. இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் இரும்புத் தூள் விழாமல் கீழே பழைய பனியன் துணியைத் திணித்திருந்தார். நீங்களும் திணியுங்கள். கீ தவறி உள்ளே விழுந்தால் சம்ப்பையே இறக்க வேண்டிவரும்.

ராவியும் சட்டென்று வந்துவிடவில்லை. துரு இருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்தார். கியரை இழுத்தெடுக்கிற கருவியான புல்லரை மாட்டி, கால்கள் பல்லைப் பிடிக்காமல் கியரின் பின்முதுகைப் பிடிக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். போல்ட்டை இறுக்கினார். இறுக்கிய பிறகு, புல்லர் போல்ட்டின் தலையில் ஒரே ஒரு தட்டு. மறுபடி கால் சுற்று. மறுபடி ஒரு தட்டு. பிறகு எல்லாரையும் முன்னாலிருந்து விலகச் சொல்லிவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார். டீ வருவதற்குள் ‘டங்’கென்று ஒரு சத்தம். கியர் இளகிவிட்டது.

சுத்தியல் அங்கேயும் இருந்தது, கவனித்தீர்களா? இழுவையில் நிற்கும்போது சின்னத் தட்டு துருவின் பிடியை உடைக்கும். இழுவையே இல்லாமல் ஓங்கி அடித்தால் அந்த அடி கிராங்க் வழியாக உள்ளே போகும். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் காக்கிற த்ரஸ்ட் வாஷர்தான் அதை வாங்கிக்கொள்ளும். கியரின் பல்லில் பட்டால் பல் போகும். ஆகவே, எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

அப்படியும் வராவிட்டால் சூடு. 40 மில்லிமீட்டர் துளையுள்ள இரும்புக் கியர் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால், துளை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் விரியும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கியரின் இறுக்கமே அந்த அளவுக்குள்தான். கியர் மட்டும் சூடாக வேண்டும், ஷாஃப்ட் சூடாகக் கூடாது. அதனால் கேஸ் நெருப்பை வேகமாகக் காட்டி, உடனே இழுக்க வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைத்து, எண்ணெய்த் துணிகளை அப்புறப்படுத்திவிட்டு மட்டும் செய்யுங்கள். சந்தேகமிருந்தால் செய்யவே வேண்டாம்.

திரும்ப மாட்டுவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கியருக்குப் பின்னால் ஷிம்கள் என்கிற மெல்லிய தகடு வளையங்கள் இருக்கும், எடுத்தவற்றை அப்படியே போடுங்கள். இரண்டு கியரிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். ஆயில் தெறிப்புத் தட்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும்போதே குறித்துவையுங்கள். செல்ஃப் அடிப்பதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். நட்டை இறுக்கியதும் லாக் வாஷரின் காதை மடக்கிவிடுங்கள். வணக்கம்.