பிரிண்டர் கார்ட்ரிட்ஜ்ல இங்க் நிரப்பறது, கவுன்ட்டரை ரீசெட் பண்றது: முழு விளக்கம்

[திரையில்: பிரிண்டர் டிஸ்ப்ளே. "இங்க் தீர்ந்துவிட்டது" என்ற செய்தி]

பிரிண்டர் இப்படி ஒரு செய்தி காட்டினதும், கார்ட்ரிட்ஜுக்குள்ள எட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்லுதுன்னு நாம நினைச்சுக்கறோம். பெரும்பாலான இங்க்ஜெட் பிரிண்டர் உள்ளே பார்க்கறதே இல்லை. அது எண்ணுது. ஒவ்வொரு சொட்டு தெறிக்கும்போதும் கணக்குல ஒண்ணு ஏறும். ஒரு சொட்டுங்கறது சில பிகோலிட்டர் அளவு. ஒரு மில்லி இங்க்ல 100 கோடி பிகோலிட்டர் இருக்கு. ஹெட்டை, அதாவது இங்க்கைத் தாள் மேல தெறிக்க விடற பகுதியை, சுத்தம் பண்ணும்போது போற இங்க்கையும் அதே கணக்குல சேர்த்துக்கும். மொத்தத்தை கார்ட்ரிட்ஜ்ல இருக்கற சின்ன சிப்லயோ, பிரிண்டரோட மெமரிலயோ எழுதி வச்சுக்கும். கணக்கு ஒரு எல்லையைத் தொட்டதும் தீர்ந்துடுச்சுன்னு சொல்லிடும். உள்ளே கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் சொல்லிடும்.

அதனால கார்ட்ரிட்ஜ் ரீஃபில்ங்கறது ரெண்டு வேலை. இங்க்கை நிரப்பணும், கணக்கைச் சரி பண்ணணும். ரெண்டையும் இந்த வீடியோவுல பார்க்கறோம். ஆனா அதிக நேரம் முதல் வேலைக்குத்தான். கணக்கு தப்பா இருந்தா திரையில ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். இங்க்கைத் தப்பா ஊத்தினா ஹெட்டே போயிடும்.

[திரையில்: ரெண்டு கார்ட்ரிட்ஜ் பக்கத்துல பக்கத்துல. ஒண்ணுல செம்பு நிற கான்டாக்ட் பட்டையும் அடியில உலோகத் தகடும். இன்னொண்ணு வெறும் டப்பா, ஓரத்துல சின்ன சிப்]

முதல்ல உங்க கையில இருக்கற கார்ட்ரிட்ஜ் எந்த வகைன்னு பாருங்க. அடியில ஒரு சின்ன உலோகத் தகடு, பக்கவாட்டுல செம்பு நிறத்துல நிறைய புள்ளி போட்ட பட்டை இருந்தா, ஹெட் கார்ட்ரிட்ஜ்லயே இருக்குன்னு அர்த்தம். எச்பியோட சின்ன பிரிண்டர்கள், கேனனோட கருப்பு ஒண்ணு, கலர் ஒண்ணுன்னு ரெண்டே கார்ட்ரிட்ஜ் போடற மாடல்கள் இந்த வகை. இதெல்லாம் தெர்மல் இங்க்ஜெட். நாசில்களுக்கு, அதாவது இங்க் வெளியே வர்ற நுண்ணிய துளைகளுக்கு, பக்கத்துல இருக்கற குட்டி ஹீட்டர் கண் இமைக்கறதுக்குள்ள சூடாகும், இங்க்ல ஒரு நீராவிக் குமிழி கிளம்பும், அந்தக் குமிழி சொட்டை வெளியே தள்ளும்.

இது பிறந்த கதை நம்ம வேலைக்கு ரொம்பப் பொருத்தம். 1977-ல கேனன் ஆய்வகத்துல, இங்க் ஏத்தின ஒரு சிரிஞ்சோட ஊசி மேல சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலா பட்டுது. ஊசி முனையில இருந்து இங்க் தெறிச்சுது. அதுல இருந்துதான் பபிள் ஜெட் யோசனை வந்துச்சு. எச்பி தனியா அதே வழியில போய் 1984-ல திங்க்ஜெட்ங்கற பிரிண்டரை வித்துச்சு. எப்சனும் பிரதரும் வேற வழி. அங்கே சூடு கிடையாது. மின்சாரம் கொடுத்தா வளையற பீசோ தகடு இங்க்கை அழுத்தித் தள்ளும். ஹெட் பிரிண்டர்லயே நிரந்தரமா இருக்கும். கார்ட்ரிட்ஜ் வெறும் இங்க் டப்பாவும் ஒரு சிப்பும்தான்.

இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க. தெர்மல் ஹெட்டைக் குளிர வைக்கறதே அது வழியா ஓடற இங்க்தான். இங்க் இல்லாம அச்சடிச்சா ஹீட்டர் வெந்து போகும். ரீஃபில் பண்ணியும் வேலை செய்யலைன்னு தூக்கி எறியற கார்ட்ரிட்ஜ்கள்ல நிறைய, ரீஃபிலுக்கு முன்னாடியே செத்துப் போனதுதான். எழுத்து மங்கி, கோடு விழுந்து, இன்னும் ரெண்டு பக்கம், இன்னும் ஒரு பக்கம்னு காய விட்டிருப்பாங்க. முதல் கோடு தெரிஞ்சதுமே நிறுத்துங்க, அன்னைக்கே நிரப்புங்க. அதுக்கு முன்னாடியே நிரப்பினா இன்னும் நல்லது.

[திரையில்: மேஜை மேல பழைய செய்தித்தாள், கையுறை, சிரிஞ்சுகள், டிஷ்யூ, பல்குத்தி, சின்ன எடை மெஷின்]

தேவையான சாமான் கொஞ்சம்தான். நிறத்துக்கு ஒரு சிரிஞ்சு, மெல்லிய ஊசி, டிஷ்யூ, பல்குத்தி, டிஸ்டில்டு வாட்டர். கூடவே ஒரு சின்ன எடை மெஷின் இருந்தா விடாதீங்க. ஏன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

இங்க் வாங்கும்போது பாட்டில்ல உங்க கார்ட்ரிட்ஜ் குடும்பத்தோட பேர் இருக்கணும். எல்லா பிரிண்டருக்கும் ஆகும்னு எழுதின பாட்டிலை நான் வாங்க மாட்டேன். டை இங்க், பிக்மென்ட் இங்க்னு ரெண்டு வகை இருக்கு. டை தண்ணியில முழுசா கரைஞ்ச சாயம். பிக்மென்ட்ல நுண்ணிய திடத் துகள்கள் மிதக்கும். நிறைய எச்பி, கேனன் பிரிண்டர்கள்ல கருப்பு பிக்மென்ட், கலர் டை. டைக்குன்னு செஞ்ச நாசில்ல பிக்மென்ட்டை ஊத்தினா அடைச்சுக்கும். பிக்மென்ட் இருக்க வேண்டிய கருப்புல டையை ஊத்தினா அடைக்காது, ஆனா சாதாத் தாள்ல எழுத்து ஓரம் கசியும், ஈரம் பட்டா கரையும். எப்சன் வகையில இது இன்னும் கவனம். அங்கே ஹெட் அடைச்சா கார்ட்ரிட்ஜை மாத்தித் தப்பிக்க முடியாது.

[திரையில்: கார்ட்ரிட்ஜ் மேல் ஸ்டிக்கரை மெதுவா உரிக்கிற காட்சி. கீழே சின்ன ஓட்டைகளும் வளைஞ்சு வளைஞ்சு போற பள்ளங்களும்]

ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜ்ல இருந்து ஆரம்பிக்கலாம். மேல் ஸ்டிக்கரை உரிங்க. ஓட்டைகள் தெரியும், அதோட பாம்பு மாதிரி வளைஞ்ச பள்ளங்களும் தெரியும். அந்தப் பள்ளம் காத்து போற வழி. இங்க் கீழே இறங்க இறங்க மேலே காத்து உள்ளே வரணும். நிரப்பி முடிச்சுட்டு டேப்பை இறுக்கமா ஒட்டி அதை மூடிட்டீங்கன்னா, முதல் பக்கம் அருமையா வரும், ரெண்டாவது பக்கத்துல பாதியிலேயே நின்னுடும். பழைய ஸ்டிக்கரையே திரும்ப ஒட்டுங்க. ஒட்டலைன்னா ஓட்டைகளை மட்டும் லேசா மூடற அளவுக்கு டேப் போடுங்க.

கலர் கார்ட்ரிட்ஜ்ல மூணு அறை. எந்த ஓட்டை எந்த நிறம்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும். ஏதோ ஒரு படத்தை நம்பி ஊத்தாதீங்க. ஒவ்வொரு ஓட்டையிலயும் புதுப் பல்குத்தியை விட்டு ஸ்பாஞ்சைத் தொட்டு எடுத்தா நிறம் தெரிஞ்சுடும்.

இப்ப எவ்வளவு ஊத்தறது. எடை மெஷின் இதுக்குத்தான். புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கினதும் பிரிண்டர்ல போடறதுக்கு முன்னாடி எடையைக் குறிச்சு வச்சுக்கோங்க. ரீஃபில் பண்றப்ப திரும்ப எடை போட்டா, குறைஞ்ச கிராம்தான் ஏறக்குறைய நீங்க ஊத்த வேண்டிய மில்லி. இங்க் பெரும்பகுதி தண்ணிங்கறதால இந்தக் கணக்கு நல்லாவே ஒத்து வரும். சின்ன கார்ட்ரிட்ஜ் பலதுல கருப்பே 10 மில்லியைத் தாண்டாது. கலர்ல மூணு அறையும் சேர்த்து அவ்வளவுதான் வரும். எடை தெரியலைன்னா, ஓட்டை ஓரத்துல இங்க் பளபளன்னு தெரியற நொடியில நிறுத்திட்டு, கொஞ்சம் சிரிஞ்சாலயே திரும்ப உறிஞ்சுடுங்க.

ஊசியை ஸ்பாஞ்சுக்குள்ள இறக்குங்க, ஆனா அடி வரைக்கும் குத்தாதீங்க. அடியில ஒரு மெல்லிய வடிகட்டி வலை இருக்கு, அது கிழிஞ்சா முடிஞ்சுது. பிஸ்டனை ரொம்ப ரொம்ப மெதுவா அழுத்துங்க. வேகமா அழுத்தினா ஸ்பாஞ்சுல காத்துக் குமிழி மாட்டிக்கும், இங்க் இருந்தும் நாசிலுக்கு வராது. கலர்ல அளவு மீறினா ஒரு நிறம் பக்கத்து அறைக்குப் போயிடும். முதல்ல கெடறது மஞ்சள்தான், அதுல துளி நீலம் சேர்ந்தாலும் பச்சையாத் தெரியும். அப்படி ஆச்சுன்னா நாசிலை டிஷ்யூ மேல வச்சு, மூணு பட்டையும் சுத்தமாத் தெரியற வரைக்கும் இங்க்கை உறிஞ்ச விடுங்க.

முடிஞ்சதும் நாசில் கீழே பார்க்க, மடிச்ச டிஷ்யூ மேல கொஞ்ச நேரம் வைங்க. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. செம்பு கான்டாக்ட்டை டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்ச, நார் உதிராத துணியால துடைச்சுக் காய வைங்க. அதுல விரல் படக் கூடாது. பிரிண்டர்ல போட்டு நாசில் செக் எடுங்க. ஒரு நிறம் வரலைன்னா ஹெட் கிளீனிங்கை ஒரு தடவை ஓட்டுங்க, ரெண்டு தடவை ஓட்டுங்க. அதுக்கு மேல ஓட்டறது இங்க்கைச் சாக்கடையில ஊத்தற மாதிரி. வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்ச டிஷ்யூ மேல நாசிலைச் சில நிமிஷம் வச்சுப் பாருங்க. மூணு நிறமும் டிஷ்யூல பதியுது, ஆனா தாள்ல மட்டும் ஒண்ணு வரலைன்னா, அது அடைப்பு இல்லை, ஹீட்டர் போயிருக்கும். அதுக்கு மருந்து கிடையாது.

எப்சன் வகையில ஒரிஜினல் டப்பாவைத் துளைச்சு நிரப்பறதுல நான் நேரம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்ப நிரப்பறதுக்குன்னே ரப்பர் மூடியோட, உள்ளே தெரியற கார்ட்ரிட்ஜ் கிடைக்குது. அதுக்கு மாறிடுங்க.

[திரையில்: கேனன் பிரிண்டரோட ஸ்டாப் பட்டன். ஒரு விரல் அழுத்திப் பிடிச்சிருக்கு]

இப்ப கணக்கு. கேனன்ல இங்க் தீர்ந்ததுன்னு எச்சரிக்கை வரும்போது ஸ்டாப் பட்டனை 5 நொடிக்குக் குறையாம அழுத்திப் பிடிங்க. அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு அளவு பார்க்கறதையே பிரிண்டர் நிறுத்திக்கும். கேனனோட கையேட்டுலயே இருக்கற வழி இது. எச்பியோட ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜ்ல பெரும்பாலும் ரீசெட்டே வேண்டாம். பழசு, பயன்படுத்தினதுன்னு ஒரு செய்தி வரும், சரின்னு கொடுத்தா அச்சடிக்கும். அளவு காலியாவே காட்டும், காட்டட்டும்.

எப்சன் வகை அவ்வளவு எளிது இல்லை. சிப்ல காலின்னு எழுதியிருந்தா பிரிண்டர் அடிக்கவே அடிக்காது. சிப் ரீசெட்டர்னு ஒரு சின்னக் கருவி இருக்கு. அதோட ஊசிமுனைகள் சிப்போட கான்டாக்ட்டுகள்ல சரியா உட்கார்ற மாதிரி அழுத்திப் பிடிச்சா விளக்கு நிறம் மாறும், கணக்கு முழுசுக்குத் திரும்பும். எல்லாச் சிப்புக்கும் ஒரே ரீசெட்டர் ஆகாது, மாடல் பார்த்து வாங்கணும். ரீஃபில் கார்ட்ரிட்ஜ்ல வர்ற ஆட்டோ ரீசெட் சிப் தானாவே முழுசுன்னு காட்டிக்கும். வசதிதான், ஆனா கவனிங்க: டப்பா காலியா இருந்தாலும் அது முழுசுன்னுதான் சொல்லும். இனிமே அளவு பார்க்க வேண்டியது உங்க கண்ணு. வாரம் ஒரு தடவை டப்பாவைப் பாருங்க. இங்க் அடியைத் தொடறதுக்கு முன்னாடி நிரப்புங்க. காத்து ஹெட்டுக்குள்ள போயிடுச்சுன்னா வெளியே எடுக்கப் படற பாடு பெரிசு.

சிப் சண்டை சும்மா வரலை. 2016 செப்டம்பர்ல எச்பியோட ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பல, வேற கம்பெனி சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்களைத் திடீர்னு மறுத்துச்சு. ஃபர்ம்வேர்ல, அதாவது பிரிண்டருக்குள்ளேயே இருக்கற மென்பொருள்ல, முன்னாடியே வச்சிருந்த பூட்டு அது. எதிர்ப்பு கிளம்பினதும் அதை நீக்கற ஃபர்ம்வேரையும் எச்பி கொடுத்துச்சு. அந்தத் தடுப்பு இப்பவும் பல மாடல்ல உண்டு. ஒரிஜினல் சிப் இருக்கற கார்ட்ரிட்ஜை நீங்களே நிரப்பினா பெரும்பாலும் அதுல மாட்டாது. மாட்டற இடம் வேற: கார்ட்ரிட்ஜ் புரொடெக்ஷன்னு ஒரு அமைப்பு இருக்கு, அது கார்ட்ரிட்ஜை அந்த ஒரே பிரிண்டரோட பூட்டிடும், பூட்டினதைத் திறக்க முடியாது. புதுசு போடறதுக்கு முன்னாடியே அதை அணைச்சுடுங்க. தானியங்கி அப்டேட்டையும் முடிஞ்சா அணைச்சு வைங்க. எச்பியோட ஒரிஜினல் இங்க் மட்டும்தான்னு ஒத்துக்கற எச்பி பிளஸ் திட்டத்துல பதிவு பண்ணின பிரிண்டருக்கும், சந்தாவுல வர்ற இன்ஸ்டன்ட் இங்க் கார்ட்ரிட்ஜுக்கும் ரீஃபில் ஒத்து வராது. சந்தாவை நிறுத்தினா அந்தக் கார்ட்ரிட்ஜும் நின்னுடும்.

நீங்க காசு கொடுத்து வாங்கின டப்பாவை நீங்க நிரப்பறதுல தப்பு எதுவும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க்ங்கற பிரிண்டர் கம்பெனியோட வழக்குல 2017 மே 30-ம் தேதி இதைத் தெளிவாவே சொல்லிடுச்சு: பொருளை வித்ததும் அது மேல இருக்கற காப்புரிமை அதிகாரம் தீர்ந்துடுது. அது லேசர் டோனர் கார்ட்ரிட்ஜ் பத்தின வழக்கு. ஆனா அந்த வாதம் இங்க்ஜெட்டுக்கும் பொருந்தும்.

பிரிண்டரை அணைக்கறப்ப அதோட பட்டனால அணைங்க, பிளக் சுவிட்சால வேண்டாம். பட்டன்ல அணைச்சாத்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கும். வாரம் ஒரு கலர் பக்கமாவது அடிங்க. மாசம் நூத்துக்கணக்குல பக்கம் அடிக்கறவங்க, அடுத்த பிரிண்டர் வாங்கறப்ப டேங்க் மாடலாப் பாருங்க. எப்சன் 2010-ல அதைக் கொண்டு வந்துச்சு. இப்ப கேனன், எச்பி, பிரதர் எல்லாத்துலயும் இருக்கு. பாட்டில்ல இருந்து ஊத்தறதுதான், சிரிஞ்சே வேண்டாம்.

[திரையில்: திறந்த பிரிண்டரோட அடிப்பகுதி. கருப்பா ஊறிப் போன பஞ்சு]

இன்னொரு கவுன்ட்டர் இருக்கு. அதை மட்டும் ஏமாத்தக் கூடாது. ஹெட் கிளீனிங்ல போற இங்க் எல்லாம் பிரிண்டர் அடியில இருக்கற வேஸ்ட் இங்க் பேட்ங்கற பஞ்சுல சேரும். அது நிறைஞ்சிருக்கும்னு கணக்கு சொன்னா பிரிண்டர் மொத்தமா நின்னுடும். கேனன்ல 5பி00ன்னு பிழை எண் வரும். ரீசெட் பண்ற மென்பொருள் இணையத்துல நிறையக் கிடைக்குது. சிலதுல வைரஸும் சேர்ந்து வரும். அதை ஓட்டினா நம்பர் பூஜ்யம் ஆகும், பஞ்சு காயாது. சில மாசத்துல மேஜை மேல இங்க் வழியும், உள்ளே இருக்கற போர்டுலயும் படலாம். பேட்டை மாத்துங்க, இல்லைன்னா எடுத்துக் கழுவி முழுசாக் காய வச்சுப் போடுங்க. அதுக்கப்புறம் ரீசெட் பண்ணுங்க. புது மாடல்கள் சிலதுல இது மெயின்டனன்ஸ் பாக்ஸ்னு தனியாக் கழட்டி மாத்தற டப்பாவா வருது. வாங்கறதுக்கு முன்னாடி உங்க மாடல்ல அது இருக்கான்னு கேட்டுக்கோங்க.