குரங்கு துப்பிய கொட்டை

வணக்கம் நேயர்களே. நான் தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். "குரங்கைப் பற்றிப் பேச உங்களை எதற்குக் கூப்பிட்டார்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். மரத்தைப் பற்றிப் பேசச் சொன்னாலும் நான் குரங்கில்தான் போய் நிற்பேன். அது வானொலி நிலையத்தாருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் அணைக்கட்டைப் பார்க்க எல்லோரும் வண்டியை நிறுத்துவார்கள். அங்கே ஒருமுறை என் மனைவி கையிலிருந்த வாழைப்பழங்களை ஒரு நாட்டுக்குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. அவள் கத்துகிறாள், நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். அதற்காக இன்றுவரை பேச்சு வாங்குகிறேன், அது வேறு கதை. ஏன் நின்றேன் என்றால், அந்தக் குரங்கு பழத்தைத் தின்னவில்லை, அடைத்தது! தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கித் தொங்கும்வரை அடைத்தது. அப்புறம் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை மேலே தள்ளித் தள்ளி, உள்ளே இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டுவந்து மென்றது. பாட்டிமார் சுருக்குப்பையைத் துழாவி வெற்றிலை பாக்கு எடுப்பார்களே, அதே நிதானம்.

இதற்குக் கன்னப்பை என்று பெயர். பழுத்த மரத்தில் உட்கார்ந்து சாவகாசமாகத் தின்ன எல்லாக் குரங்குக்கும் கொடுத்துவைக்காது. கூட்டத்தில் பெரிய கடுவன் வந்தால் சின்னது எழுந்திருக்க வேண்டும். ஆகவே கிடைத்தவரை பையில் போட்டுக்கொண்டு, தள்ளிப் போய்த் தின்னும். தள்ளிப் போய் என்ற சொல்லை மறக்காதீர்கள், திரும்ப வருவேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஓடைக்கரையில் ஒரு நாவல் மரம். ஆனி மாதம், தரையெல்லாம் ஊதா. ஒரு குரங்கு அதில் பத்து நிமிடம் அடைத்துவிட்டு, நாற்பது ஐம்பது தப்படி தள்ளி ஒரு பாறையில் போய் உட்கார்ந்தது. சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பும். மறுபடி கன்னத்தைத் தள்ளும், சப்பும், துப்பும். அது போனதும் நான் போய்ப் பொறுக்கினேன். பதினொரு கொட்டை. சதை துளிகூட ஒட்டவில்லை. நம்மில் யாரும் நாவல் பழத்தை அவ்வளவு சுத்தமாகச் சாப்பிடுவதில்லை. மரத்தடியில் கிடந்த முழுப் பழங்களிலும் பதினொன்றை எடுத்து, இரண்டையும் தனித்தனி எண்ணெய்த் தகரத்தில் விதைத்தேன். துப்பியதில் ஏழு முளைத்தன. முழுப் பழத்தில் பாதிக்குமேல் பூஞ்சை பூத்துப் போய்விட்டது. ஒரு தகரத்தை வைத்து விஞ்ஞானம் பேசக் கூடாது, தெரியும். ஆனாலும் அந்த ஏழும் எனக்குப் போதுமாக இருந்தன.

சரி, தள்ளிப் போவதில் என்ன லாபம்? தாய்மரத்தடியில் விழுந்த விதைக்கு வெளிச்சம் கிடையாது. அந்த மரத்தையே நம்பியிருக்கும் பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் காத்துக்கொண்டிருக்கும். நாற்பது தப்படி தள்ளி விழுந்தால் பிழைக்க வழி உண்டு. பெரிய கொட்டையைச் சின்னக் குருவிகளால் தூக்க முடியாது. குரங்கால் முடியும்.

இப்போது நீங்கள் சாலையோரம் வீசும் வாழைப்பழத்துக்கும் பொரி பாக்கெட்டுக்கும் வருகிறேன். வடக்கு வங்காளத்தின் பக்சா காட்டில் ரீசஸ் என்கிற வடநாட்டுக் குரங்குகளைக் கவனித்த ஆராய்ச்சியாளர்கள் இதன் விளைவைப் பார்த்தார்கள். ஜனங்கள் தீனி போடப் போட, குரங்குகள் காட்டுப் பழத்தைத் தேடிப் போவது குறைகிறது. தின்ற கொஞ்சத்தின் விதையும் தார்ச்சாலையில் விழுகிறது. தாரில் என்ன முளைக்கும்? புண்ணியம் என்று நினைத்து ஒரு தோட்டக்காரனை வேலையை விட்டு நிறுத்துகிறோம். இதை நான் கல்யாண வீட்டில்கூடச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

குரங்கு எல்லாவற்றையும் நட்டுவிடும் என்றும் சொல்லவில்லை. சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு இருக்கிறதே, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது, அது வெடிப்பலாவின் முள்தோலைப் பிய்த்து விதையையே மென்று தின்றுவிடும். அந்த விதை போனது போனதுதான். அதே குரங்கு வேறு பழங்களின் கொட்டையைக் கன்னத்தில் சுமந்து போய்ப் போடும். வரவும் உண்டு, செலவும் உண்டு. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் சோலைகளில் இதற்கு மரம்விட்டு மரம் தாவ வழியில்லை. தரையில் இறங்கிச் சாலையைக் கடந்து வண்டியில் அடிபடுகிறது. அதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது அண்ணாந்து பாருங்கள்.

கருமந்திக்கும் சாம்பல் மந்திக்கும் கன்னப்பை கிடையாது. அவை இலை தின்னிகள், மாடு மாதிரி வயிற்றிலேயே இலையைப் புளிக்க வைக்கும். முதுமலையில் சாம்பல் மந்தி உட்கார்ந்த மரத்தடியில் புள்ளிமான் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மந்தி பாதி தின்று பாதி போடும், மானுக்கு அது விருந்து. புலி வந்தால் மேலிருந்து முதல் சத்தமும்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான, இரவில் நடமாடும் தேவாங்குக்கு என்று ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், நாவல் மரம் தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காட்டை 2022-இல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். 11,806 ஹெக்டேர், நாட்டிலேயே முதலாவது. தேவாங்கு எறும்பு, வண்டு என்று இரவெல்லாம் பூச்சி பிடிக்கும், காட்டோரத்து வெள்ளாமைக்கும் நல்லது. அந்தப் பக்கத்து நேயர்கள் டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு, ராத்திரி வேலிப் புதர் ஓரமாக மெதுவாக நடந்து பாருங்கள். இரண்டு கண் கங்கு மாதிரி மின்னும். கிட்டே போகாதீர்கள், பிடிக்காதீர்கள், அது கையில் மூத்திரத்தைத் தடவிக்கொண்டிருக்கும், ஏனென்றால்... மணி அடித்துவிட்டது. வணக்கம்.