மருத்துவமனைப் படுக்கை எதைச் செய்யும், எதைச் செய்யாது

அவையோருக்கு வணக்கம்.

குடிநோய், போதைநோய் பற்றிப் பேசப் போனால் எந்த ஊரிலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "உள்ளே சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா?" கேட்பவர் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் அம்மா. ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் மருத்துவரை நம்பாதீர்கள் என்றுதான் சொல்வேன். படுக்கையில் சேர்ப்பது சிலருக்கு உயிர் காக்கும். வேறு சிலருக்குத் தேவையே இல்லை. இன்னும் சிலருக்கு, பாதியில் நிறுத்தினால், ஆபத்தாகவே முடியும்.

தேவையில்லாதவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1977இல் லண்டனில் மனநல மருத்துவர் கிரிஃபித் எட்வர்ட்ஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திருமணமான நூறு குடிநோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து, தொடர் ஆலோசனை, வேண்டியவர்களுக்கு உள்நோயாளிச் சேர்க்கை என எல்லாம் கிடைத்தன. மற்றப் பிரிவில் கணவன் மனைவியை உட்கார வைத்து ஒரே ஒருமுறை பேசி அனுப்பினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதைக் காட்டி மருத்துவமனையே வேண்டாம் என்று வாதிட்டவர்களும் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. யாரைச் சேர்க்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்காமல் சேர்த்தால் பலன் தெரியாது என்றே அதைப் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் யாரைச் சேர்க்க வேண்டும்? முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், நினைவு குழம்பி உளறியவர், கல்லீரலோ இதயமோ கெட்டுப்போனவர், கர்ப்பிணி, மதுவோடு தூக்க மாத்திரையும் பழகியவர், சாக வேண்டும் என்று பேசுகிறவர், வீட்டில் கூட இருந்து கவனிக்க ஆளில்லாதவர். இவர்கள் வீட்டிலேயே "இன்றோடு விட்டேன்" என்று சபதம் எடுப்பது வீரம் இல்லை, ஆபத்து.

பொதுவாக மக்கள் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். ஹெராயினை நிறுத்தினால் செத்துப்போவான், சாராயத்தை நிறுத்தினால் இரண்டு நாள் கை நடுங்கும் என்று. உண்மை வேறு. ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைகளை நிறுத்தினால் படும் வேதனை கொடியது. வாந்தியும் பேதியுமாக உடல் வற்றிவிடாமல் பார்த்துக்கொண்டால் அந்த வேதனையே உயிரைப் பறிப்பது அரிது. மதுவையும் டயஸிபாம் வகைத் தூக்க மாத்திரைகளையும் திடீரென்று நிறுத்துவதுதான் ஆளைக் கொல்லக்கூடியது.

காரணம் இதுதான். மது மூளையை மந்தப்படுத்திக்கொண்டே இருக்கிறது. மூளை அதை எதிர்த்துத் தன் விழிப்பைக் கூட்டிக்கொண்டே போகிறது. கதவின் இரு பக்கமும் இருவர் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒருவர் சட்டென்று விலகினால் மற்றவர் குப்புற விழுவார் அல்லவா, அப்படித்தான் நடக்கிறது. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் டெலீரியம் ட்ரெமன்ஸ் என்ற குழப்பநிலை வரலாம். ஒரு காலத்தில் இதையெல்லாம் சத்துக்குறைவு என்று எண்ணினார்கள். 1955இல் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர், நல்ல சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே வாரக்கணக்கில் குடித்தவர்களுக்கும் குடியை நிறுத்தியதும் வலிப்பும் குழப்பமும் வருவதைக் காட்டிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

வார்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரவு இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து எழுப்புகிறார். "இரண்டு கையையும் நீட்டுங்கள், விரலை விரியுங்கள்." விரல் நுனியில் நடுக்கம் எவ்வளவு என்று பார்க்கிறார். நெற்றி வியர்வை, குமட்டல், தலைவலி. "தோலில் ஏதாவது ஊர்கிறதா?" "இன்று என்ன தேதி?" இப்படிப் பத்து விஷயங்களுக்கு மதிப்பெண் போடுகிறார், அதிகபட்ச மொத்தம் 67. எண் ஏறினால் மாத்திரை, இறங்கினால் மாத்திரை இல்லை. மது விலகிய இடத்தில் நின்று மூளையை அமைதிப்படுத்த டயஸிபாம் அல்லது குளோர்டயசெபாக்சைடு கொடுப்பார்கள். கல்லீரல் கெட்டவருக்கு லோரஸிபாம். சில நாட்களில் அதையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். தூக்கத்தைக் கெடுக்கிறார்களே என்று உறவினர்கள் கோபித்துக்கொள்வது உண்டு. இரவில் எழுப்பாத வார்டைக் கண்டுதான் நான் பயப்படுவேன்.

இன்னொன்று, தயமின் என்ற பி1 வைட்டமின். நெடுநாள் குடித்தவரின் உடலில் அது தீர்ந்துபோயிருக்கும். கண் அசைவு பிசகி, நடை தள்ளாடி, புத்தி குழம்பும் நோயை 1881இல் கார்ல் வெர்னிக்கி விவரித்தார். கவனிக்காமல் விட்டால் புதிய நினைவு எதுவும் தங்காத நிலையில் போய் முடியலாம். இரத்தக் குழாய் வழி ஏற்றும் ஒரு மலிவான தயமின் ஊசி அதைத் தடுக்கும். தளர்ந்து கிடக்கிறாரே என்று தயமின் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றுவது அரைகுறை வைத்தியம்.

இதுவரை சொன்னது நச்சு நீக்கம். ஏறக்குறைய ஒரு வாரத்து வேலை. பல குடும்பங்கள் இதையே முழுச் சிகிச்சை என்று எண்ணி, தெளிந்த முகத்தோடு வெளியே வருகிறவரைக் கண்டு நிம்மதியாகிவிடுகின்றன.

அபின் வகைப் போதையில் இந்த நிம்மதிதான் பெரிய கண்ணி. நாள்தோறும் ஊசி போட்டவரின் உடல் பெரிய அளவைத் தாங்கப் பழகியிருக்கும். இரண்டு வாரம் வார்டில் இருந்தால் அந்தத் தாங்குதிறன் போய்விடும். ஆசை மட்டும் போகாது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சேர்க்காமல் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார் என்று சொல்ல வேண்டிய நிலை உண்மையிலேயே வருகிறது. அதனால்தான் இந்தப் போதைக்கு வெறும் நச்சு நீக்கம் செய்து அனுப்புவதை நான் எதிர்க்கிறேன். ஹெராயினின் இடத்தில் நின்று வேதனையையும் ஆசையையும் அடக்கும் மெத்தடோன் அல்லது பியூப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தைத் தொடங்கி, வீட்டுக்குப் போன பின்னும் மாதக்கணக்கில், தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். மெத்தடோன் முறையை 1965இல் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் வெளியிட்டார்கள். 2005இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்பார்கள். முறையான அளவில் இதைச் சாப்பிடுகிறவர் மயங்குவதில்லை, வேலைக்குப் போகிறார், ஊசியைத் தேடி அலைவதில்லை. பியூப்ரெனார்ஃபினை உடலில் ஹெராயின் இருக்கும்போதே கொடுத்தால் வேதனை திடீரென்று மூண்டுவிடும். ஹெராயின் நின்றதால் வரும் அறிகுறிகள் தொடங்கும்வரை காத்திருந்து கொடுப்பதற்கு வார்டு வசதியான இடம்.

கொக்கைன், மெத்தம்ஃபெட்டமின் போன்ற ஊக்கிகளுக்கு இப்படி ஒரு மாற்று மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. நிறுத்தியதும் தூங்குவார், சாப்பிடுவார், பிறகு மனம் இருண்டுபோகும். அந்த நாட்களில் தற்கொலை எண்ணத்தைக் கவனிக்கத்தான் படுக்கை. சிறுநீர்ச் சோதனை சுத்தமாக இருக்கும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசு தரும் முறை நல்ல பலன் தருகிறது. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம்.

மதுவுக்கு, நச்சு நீக்கத்துக்குப் பிறகு மூன்று மருந்துகள் உண்டு. நால்ட்ரெக்ஸோன் குடியின் கிளர்ச்சியைக் குறைக்கும். அபின் வகை மருந்து உடலில் இருப்பவருக்குக் கொடுக்கக் கூடாது. அகாம்ப்ரோசேட் குடிக்காமல் இருப்பதற்குத் துணை செய்யும். சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். டைசல்ஃபிரம் 1948இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். இதைச் சோற்றிலும் குழம்பிலும் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: தெரியாமல் குடிக்கிறவரின் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அவர் சம்மதித்து, அவர் கண்ணெதிரே நீங்கள் எடுத்துக் கொடுத்தால்தான் அது மருந்து.

மறுவாழ்வு மையம் தேடுகிறவர்கள் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இரவில் மருத்துவர் உண்டா, வலிப்பு வந்தால் என்ன செய்வார்கள், வீட்டாரை எப்போது பார்க்க விடுவார்கள், வெளியே வந்த பிறகு முதல் சந்திப்புத் தேதி எது என்று கேளுங்கள். பூட்டி வைத்து அடிக்கும் இடத்துக்குச் சிகிச்சை என்ற பெயர் பொருந்தாது. அந்த நான்காவது கேள்விக்குத் தேதி சொல்லத் தெரியாத இடமும் எனக்கு உதவாது. வெளியே வரும் வாரத்திலேயே அந்தச் சந்திப்பு இருக்க வேண்டும்.

மறுபடி குடித்துவிட்டாரா? அவமானம் பார்த்து மாதக்கணக்கில் காத்திருக்காமல் உடனே அழைத்து வாருங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் விலகல் அறிகுறிகள் முந்தையதைவிடக் கடுமையாக வரக்கூடும். போன முறை நடுக்கத்தோடு போனது இந்த முறை வலிப்பாகலாம். ஆகவே எந்த ஆண்டு வலிப்பு வந்தது, எப்போது உளறினார், எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, புதிய மருத்துவரிடம் முதலில் அதைக் கொடுங்கள். அபின் வகைப் போதை பழகியவர் வீட்டில், அந்தப் போதையை முறிக்கும் நலாக்ஸோன் மருந்து இருக்கட்டும். மூச்சு மந்தமாகி உதடு நீலம் பாரித்தால் அதை மூக்கில் அடித்துவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். கண் விழித்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள், ஒரு மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்து மூச்சு மீண்டும் நிற்கக்கூடும்.